இன்வல்னரபிள்: உள்ளே புண்ணை வைத்திருக்கும் சொல்

'இன்வல்னரபிள்' என்றால் என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் "வெல்ல முடியாத" என்பார்கள். கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் அந்தக் கிட்டத்தட்டவுக்குள்தான் விஷயமே இருக்கிறது. வெல்ல முடியாததைச் சொல்ல ஆங்கிலத்தில் 'இன்வின்சிபிள்' என்று வேறொரு சொல் உண்டு. கேட்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். பிறந்த வீடுகள் வேறு.

லத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் புண். அதிலிருந்து காயப்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல் வந்தது. அந்த வினையிலிருந்து வந்ததுதான் 'வல்னரபிள்', அதாவது காயப்படக்கூடிய. அதற்கு முன்னால் இல்லை என்று மறுக்கும் 'இன்' ஒட்டிக்கொண்டதும் 'இன்வல்னரபிள்' ஆயிற்று. காயப்படுத்த முடியாத, புண்படாத என்று பொருள். கொஞ்சம் பழைய தமிழில் ஊறுபடாத என்றும் சொல்லலாம். எனக்கு இந்த ஊறு என்ற சொல் பிடிக்கும். 'ஊறு விளைவிக்கும்' போன்ற ஓரிரு தொடர்களில் மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இணை தமிழில் எனக்குத் தென்படவில்லை.

'இன்வின்சிபிள்' வந்த வழி வேறு. அதன் வேர் லத்தீனின் 'வின்கெரே', வெல்லுதல். வெற்றியைக் குறிக்கும் 'விக்டரி', வென்றவரைக் குறிக்கும் 'விக்டர்' எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆகவே ஒரு சொல் புண்ணைப் பற்றிப் பேசுகிறது, மற்றது தோல்வியைப் பற்றிப் பேசுகிறது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் தங்கிவிட்டால் இந்தச் சொல்லில் பாதி கற்றுக்கொண்டாயிற்று.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம். 2003-04 பிரீமியர் லீக் பருவத்தில் ஆர்சனல் அணி 38 ஆட்டங்களில் ஆடி, 26-இல் வென்று, 12-ஐச் சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த அணிக்கு 'தி இன்வின்சிபிள்ஸ்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அதே பருவத்தில் அவர்கள் வாங்கிய கோல்கள் 26. அதாவது அடி வாங்கியிருக்கிறார்கள், வலை கிழிந்திருக்கிறது, ஆனால் விழவில்லை. இன்வின்சிபிள் என்ற பெயர் அவர்களுக்குப் பொருந்தும். இன்வல்னரபிள் என்றால் எதிரணி ரசிகர்கள் சிரிப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. புண்படாது, ஆனால் தோற்கும். கிரேக்கக் கதையில் நெமியா என்ற ஊரை அலைக்கழித்த சிங்கத்தின் தோலில் எந்த ஆயுதமும் ஏறாது. ஹெராக்ளீஸ் எய்த அம்புகள் பட்டுத் தெறித்தன. கடைசியில் அவன் ஆயுதங்களைத் தூரப் போட்டுவிட்டு, வெறுங்கையால் கழுத்தை நெரித்துக் கொன்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, உயிரும் இல்லை. பிறகு அந்தத் தோலையே உரித்துப் போர்த்திக்கொண்டான். எந்தக் கத்தியாலும் உரிக்க முடியாத தோலை அந்தச் சிங்கத்தின் நகத்தாலேயே கிழித்தான் என்று ஒரு கதை சொல்கிறது.

கைனியஸ் என்ற கிரேக்க வீரனின் கதை இன்னும் கொடூரம். கடலின் தெய்வம் கொடுத்த வரத்தால் அவன் உடலில் ஆயுதம் பாயாது. குதிரையுடல் கொண்ட சென்டார்களோடு நடந்த சண்டையில் வாள்கள் அவன்மேல் பட்டு மழுங்கின. குத்த முடியவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் மரங்களைப் பிடுங்கி அவன்மேல் குவித்து, மண்ணுக்குள் அமிழ்த்திவிட்டார்கள். புண் ஒன்றும் இல்லைதான். அதை வைத்து என்ன செய்வது?

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இதைக் கதை இல்லாமலேயே அறிவார்கள். அடி வாங்கியதும் நம் பாத்திரம் சில கணங்கள் மினுக் மினுக்கென்று மின்னும். அந்த நேரத்தில் எதிரி இடித்தாலும் உயிர் குறையாது. அந்த நிலைக்குச் சரியான பெயர் 'இன்வல்னரபிலிட்டி'. நிறையப் பேர் அதையும் 'இன்வின்சிபிள்' என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பல விளையாட்டுகளில் அப்படி மின்னிக்கொண்டே பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. காயம்தான் படாதே தவிர, தோல்வி வரும்.

ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லைக் கையாண்ட இடம் ஒன்று உண்டு. 'ஹாம்லெட்' நாடகத்தின் முதல் காட்சி. கோட்டைக் காவலர்கள் முன்னால் இறந்துபோன மன்னனின் ஆவி வருகிறது. ஈட்டியால் அடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. மார்செல்லஸ் என்ற காவலன் அப்போது சொல்கிறான், காற்றைப் போல இதுவும் இன்வல்னரபிள், நம் அடிகள் எல்லாம் வெறும் கேலிக்கூத்து என்று. இதில் கவனிக்க வேண்டியது காற்று என்ற உவமை. இரும்பைச் சொல்லவில்லை, பாறையைச் சொல்லவில்லை. இந்தச் சொல்லுக்கு வலிமை தேவையில்லை. புண்படுவதற்கு இடமில்லாமல் இருந்தால் போதும். அந்த ஆவியும் சண்டையில் யாரையும் வெல்லவில்லை. சேவல் கூவியதும் மறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

எதற்குப் புண்படாது?

இலக்கணத்துக்கு வருவோம். இது பெயரடை. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்: 'அன் இன்வல்னரபிள் ஹீரோ'. வினைக்குப் பின்னாலும் வரும்: 'ஹீ வாஸ் இன்வல்னரபிள்'. இதில் சிரமம் இல்லை. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது அடுத்து வரும் சின்னச் சொல்லில். எதனால் காயப்படாது என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் 'டு' போடும். 'இன்வல்னரபிள் டு அட்டாக்', 'இன்வல்னரபிள் டு கிரிட்டிசிசம்'. தமிழில் தாக்குதலால், விமர்சனத்தால் என்று 'ஆல்' வருவதால் நம் கை தானாக 'பை' என்று எழுதப் போகும். அதைப் பிடித்து நிறுத்துங்கள்.

இந்த 'டு' எவ்வளவு முக்கியம் என்று தெரிய இரணியன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதனாலும் சாவு கூடாது, விலங்காலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது. தரையிலும் கூடாது, வானிலும் கூடாது. எந்த ஆயுதத்தாலும் கூடாது. வரம் கேட்கும்போதே அவன் ஒவ்வொரு 'டு'-வாக எண்ணி எண்ணி வாங்கியிருக்கிறான். பட்டியலில் எழுத மறந்த இடைவெளிகள்தான் அவனுக்கு எமனாக வந்தன. ஆளும் அல்லாத விலங்கும் அல்லாத நரசிம்மம், பகலும் இரவும் சந்திக்கும் அந்திப்பொழுது, உள்ளும் புறமும் அல்லாத வாசற்படி, தரையும் வானும் அல்லாத மடி, ஆயுதம் அல்லாத நகம். 'இன்வல்னரபிள்' என்று எங்கு படித்தாலும் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. எழுதியவர் சொல்லாமல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் மிகைப்படுத்தல்.

கதைகளில் வரும் புண்படாத வீரர்கள் எல்லாருமே அந்த ஒரு விதிவிலக்கால்தான் நம் நினைவில் நிற்கிறார்கள். கிரேக்க வீரன் அகிலீஸ் என்றால் குதிகால், அங்கே மட்டும்தான் அவனைப் புண்படுத்த முடியும். சுவாரஸ்யம் என்னவென்றால், ஹோமரின் 'இலியட்' அவனைப் புண்படாதவன் என்று சொல்லவே இல்லை. அதன் 21-ஆம் பகுதியில் ஒரு எதிரியின் ஈட்டி உரசி அவன் கையிலிருந்து ரத்தம் வருகிறது. தாய் அவனைக் குழந்தையாக இருக்கும்போது ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கி எடுத்த கதை நமக்குக் கிடைப்பது பல நூற்றாண்டு கழித்து, கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமானியக் கவி ஸ்டேஷியஸிடம். ஜெர்மானியக் காவியத்தின் ஸீக்ஃப்ரீட் டிராகனின் ரத்தத்தில் குளித்ததால் தோல் கொம்பு போல் இறுகியது. குளிக்கும்போது தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் படாத அந்த இடம் எது என்று எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது அவன் மனைவி. கணவனைக் காப்பாற்றுவதாக நம்பி, அவன் உடையில் அந்த இடத்தில் சிலுவை அடையாளம் தைத்துவைத்தாள். நம் கர்ணனின் கவச குண்டலம் வேறு வகை. அங்கே ஓட்டை உடம்பில் இல்லை, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத குணத்தில் இருந்தது.

ஆங்கில உரைநடையிலும் இதே கதைதான். இந்தச் சொல் தனியாக நடந்து வருவது குறைவு. 'ஆல்மோஸ்ட்', 'வர்ச்சுவலி', 'சீமிங்லி' என்று யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஏறக்குறைய, அநேகமாக, பார்வைக்கு. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது 'ஃபெல்ட் இன்வல்னரபிள்', 'தாட் தே வேர் இன்வல்னரபிள்' என்று வரும். அப்படி உணர்ந்தார்கள், அப்படி நினைத்தார்கள். இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்ததுமே அடுத்த வாக்கியத்தில் ஏதோ நடக்கப்போகிறது என்று ஊகித்துவிடலாம். வேகமாக வண்டி ஓட்டும் இளைஞன், தேர்தலில் மூன்று முறை வென்ற தலைவர், கடன் மேல் கடன் வாங்கும் நிறுவனம். 'தன்னை எதுவும் செய்ய முடியாது என்று நினைத்தான்' என்று தமிழில் எழுதினாலும் வாசகர் அதையேதான் எதிர்பார்ப்பார்.

இன்னொரு சின்ன விஷயம். 'வெரி இன்வல்னரபிள்' என்று எழுதாதீர்கள். புண்படும் அல்லது படாது, அதில் 'ரொம்பப் புண்படாது' என்று ஒன்று இல்லை. அழுத்தம் வேண்டுமானால் 'கம்ப்ளீட்லி' அல்லது 'டோட்டலி' போடலாம்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

அடிபடாத பொருள்களுக்கெல்லாம் இந்தச் சொல்லை ஒட்டிவிட முடியாது. கீழே போட்டாலும் உடையாத கண்ணாடி 'அன்பிரேக்கபிள்'. அதை இன்வல்னரபிள் என்றால் கண்ணாடிக்கு உயிர் கொடுத்த மாதிரி இருக்கும். மனிதர், படை, கோட்டை, கணினி அமைப்பு, பதவி, நற்பெயர் என்று யாரோ தாக்க நினைக்கக்கூடிய இலக்குகளுக்கே இது இயல்பாகப் பொருந்தும்.

கோட்டை என்றால் அதற்கென்றே 'இம்ப்ரெக்னபிள்' என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது. இதைப் பார்த்ததும் கர்ப்பத்தைக் குறிக்கும் 'பிரெக்னன்ட்' நினைவுக்கு வரும், ஆனால் இரண்டுக்கும் உறவு இல்லை. இது பழைய பிரெஞ்சின் 'பிராந்த்ர்' என்ற, எடுத்துக்கொள்ளுதல், கைப்பற்றுதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. நடுவில் இருக்கும் 'ஜி' என்ற எழுத்து பிற்பாடு வழிதவறி வந்து நுழைந்தது. கைப்பற்ற முடியாதது, அவ்வளவே. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷார் சிங்கப்பூரை இந்தச் சொல்லால்தான் மெச்சிக்கொண்டார்கள். ஜப்பானியப் படை வடக்கே மலாயா வழியாகத் தரை மார்க்கமாக இறங்கி வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

'இம்பெர்வியஸ்' வேறு ரகம். உள்ளே நுழைய வழி விடாதது என்பது அதன் வேர்ப்பொருள். மழைக்கோட்டு தண்ணீருக்கு இம்பெர்வியஸ். மனிதருக்குச் சொன்னால் எருமை மாட்டின்மேல் மழை பெய்தது போல என்று நாம் சொல்வோமே, அதுதான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விமர்சனத்துக்கு இம்பெர்வியஸ் என்றால் எவ்வளவு சொன்னாலும் அவர் காதில் ஏறாது. விமர்சனத்துக்கு இன்வல்னரபிள் என்றால் யார் என்ன சொன்னாலும் அவருக்குச் சேதம் வராது. முன்னவரிடம் குறை இருக்கலாம், கவலை இல்லை. பின்னவர் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு இருக்கலாம், ஆனால் அவர் நாற்காலி ஆடாது. மொழிபெயர்க்கும்போது இரண்டையும் 'விமர்சனத்தால் பாதிக்கப்படாத' என்று எழுதித் தப்பித்துவிடுகிறோம். நானும் அப்படித் தப்பித்திருக்கிறேன்.

வாதம், முன்னிலை, தர்க்கம் போன்றவற்றுக்கு 'அன்அசெய்லபிள்' பொருத்தமாக இருக்கும். பாய்ந்து தாக்க இடம் தராதது. பேச்சுவழக்கில் இப்போது 'புல்லட்புரூஃப்' என்ற சொல்லைத்தான் அதிகம் கேட்கிறோம். அதில் வரும் 'புரூஃப்' என்பதற்குச் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று பொருள். பழைய காலத்தில் கவசம் செய்கிறவர்கள் மார்புக்கவசத்தின்மேல் ஒரு குண்டைச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழிவை அப்படியே விட்டு, துளைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். வாங்குகிறவர் பார்த்துத் தடவிப் பார்ப்பது அந்தத் தழும்பைத்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விழுப்புண் ஞாபகம் வரும். போரில் மார்பிலும் முகத்திலும் ஏற்ற புண். விழுப்புண் படாத நாள்களை எல்லாம் வீணாய்ப் போன நாள்களாக ஒரு வீரன் எண்ணுவான் என்கிறது குறள் (776). அந்தக் கணக்கில் பார்த்தால் பிறவியிலேயே புண்படாத உடம்போடு வருகிறவனுக்கு வீரன் என்று பெயர் வாங்க வழியே இல்லை. நெமியா சிங்கம் தைரியசாலியா என்று யாரும் கேட்டதில்லை.

உச்சரிப்பு, சில குழப்பங்கள்

அழுத்தம் இரண்டாவது அசையில், 'வல்' என்ற இடத்தில் விழ வேண்டும். அந்த 'ல்' பேச்சில் பலருக்கும் நழுவிவிடும், ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும்தான். எழுதும்போது விட்டுவிடக் கூடாது. பெயர்ச்சொல் 'இன்வல்னரபிலிட்டி'. வினையடையாக 'இன்வல்னரப்ளி' அகராதியில் உண்டு, யாரும் பயன்படுத்திப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

'வல்னரபிள்', 'வெனரபிள்' இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். பின்னது வயதாலும் அறிவாலும் போற்றத்தக்க என்று பொருள்படும். மேடையில் ஒரு பெரியவரை வரவேற்கும்போது நாக்கு புரண்டால், வணக்கத்துக்குரியவர் என்பதற்குப் பதில் எளிதில் அடிபடக்கூடியவர் என்று அறிமுகமாகிவிடுவார். 'இன்வேல்யூவபிள்' இன்னொரு கண்ணி. 'இன்' வந்ததால் மதிப்பில்லாதது என்று நினைக்கத் தோன்றும். மதிப்பிடவே முடியாத அளவு அரியது என்பதே பொருள். 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் உள்ள 'இன்' மறுப்பே அல்ல, தீப்பற்றக்கூடியது என்றுதான் அர்த்தம். லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. நம் சொல்லில் உள்ள 'இன்' நேர்மையான மறுப்பு, அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

நடைமுறையில் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படப்போவது எதிர்ச்சொல்லான 'வல்னரபிள்' என்பதே. செய்திகளில் முதியோர், குழந்தைகள், அகதிகள் பற்றி வரும். கணினித் துறையில் மென்பொருளின் ஓட்டைக்கே 'வல்னரபிலிட்டி' என்று பெயர். கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டைக்கும் எண் கொடுத்துப் பட்டியலிடும் பொது ஏற்பாடு 1999-இல் தொடங்கியது. அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. எந்த மென்பொருளையும் இன்வல்னரபிள் என்று விளம்பரம் செய்யத் துறை அறிந்தவர்கள் துணிவதில்லை. விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் துணிவார்கள்.

மொழிபெயர்க்க உட்காருபவர்களுக்கு ஒன்று. ஆங்கிலம் முன்னால் 'இன்', பின்னால் 'ஏபிள்' என்று வைத்துக் கட்டும் இந்த அமைப்புக்குத் தமிழில் பழைய அச்சு ஒன்று இருக்கிறது: வெல்லற்கரிய, காண்டற்கரிய, சொல்லற்கரிய. அரண் அதிகாரத்தில் வள்ளுவர் கோட்டையின் இலக்கணமாகக் 'கொளற்கரிதாய்' என்கிறார் (745). கொள்ளுதல், கைப்பற்றுதல். பிரெஞ்சுக்காரர்கள் 'பிராந்த்ர்' என்ற வினையை வைத்துக் கட்டியதை அவர் எப்போதோ 'கொள்' என்பதை வைத்துக் கட்டியிருக்கிறார். இரண்டு குறள் தள்ளி (747), முற்றுகையிட்டும், முற்றுகையிடாமல் பாய்ந்தும், உள்ளிருப்பவரை வஞ்சகமாக வசப்படுத்தியும் 'பற்றற்கரியது' என்று ஒவ்வொரு வழியையும் பெயர் சொல்லி அடைக்கிறார். இரணியன் கேட்ட பட்டியல் போலத்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு மொழிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தின் 'இன்' கதவை அடித்துச் சாத்துகிறது, முடியவே முடியாது என்று. பிறகு உண்மைக்குப் பயந்து 'ஆல்மோஸ்ட்' என்று பக்கத்தில் ஒரு சொல்லை உட்கார வைக்கிறது. தமிழின் 'அரிது' சில இடங்களில் முடியாது என்றே பொருள்பட்டாலும், அடிப்படையில் கடினம் என்றுதான் சொல்கிறது. 'ஆல்மோஸ்ட் இன்வல்னரபிள்' என்று படித்தால் 'ஏறக்குறையப் புண்படுத்த முடியாத' என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. 'ஊறு செய்தற்கரிய' என்று எழுதினால் அந்த 'ஆல்மோஸ்ட்' ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.